ஜமாஅத் அறைக்குள் ஓர் இடம்: மெக்சிகோ எல்லைப் பெண்களும் புதுக்கோட்டைப் பெண்களும்

போன மாதம் இஷா முடிந்து வீட்டுக்கு வந்தபோது, எங்கள் தெருவில் பி.ஏ. ஆங்கிலம் படிக்கும் ஒரு மாணவி தன் தாயாருடன் காத்திருந்தாள். கையில் பாடப் புத்தகம். "ஹஜ்ரத், சிகானா என்றால் என்ன? எங்கள் மேடம் இது அமெரிக்காவில் உள்ள ஒரு பெண்கள் இயக்கம் என்கிறார். நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம், எதற்கு இதைப் படிக்கச் சொல்கிறார்கள்?" என்று கேட்டாள். மதரஸாவில் ஓதி முடித்த பிறகு நானும் தபால் வழியில் பி.ஏ. முடித்தவன் என்பதால், இப்படிப்பட்ட கேள்விகள் என் வாசலுக்கு வந்துவிடும். அன்று பத்து நிமிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அவளிடம் சொல்லாமல் விட்ட ஒன்றும் இதில் இருக்கிறது.

திருத்தணியில் இருப்பவர்களுக்கு இந்தப் பாடம் அவ்வளவு தூரமானது இல்லை. நம் கடைத்தெருவில் தமிழில் விலை கேட்டால் பேரம் தெலுங்கில் முடியும். முஸ்லிம் வீடுகளில் பாதிக்கு மேல் தக்னி உருது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு இந்த ஊரும் அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சி. போன்றவர்கள் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. வீட்டை விட்டு ஒரு அடி நகராத கிழவி இரண்டு மாநிலங்களில் வாழ்ந்து முடித்த ஊர் இது.

அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் மெக்சிகோ வம்சாவளி மக்களின் கதையும் இப்படித்தான் தொடங்குகிறது. 1848இல் நடந்த குவாதலூப்பே ஹிதால்கோ ஒப்பந்தத்தின் மூலம் கலிபோர்னியா முதலான பெரும் நிலப்பரப்பு மெக்சிகோவின் கையிலிருந்து அமெரிக்காவுக்குப் போனது. அங்கே ஏற்கெனவே குடியிருந்த மக்கள் ஒரே நாளில் வேற்று நாட்டில் சிறுபான்மையாகிப் போனார்கள். நாங்கள் எல்லையைத் தாண்டி வரவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டிப் போனது என்று அவர்கள் சொல்வது வழக்கம். அந்தச் சமூகத்து ஆண் தன்னைச் சிகானோ என்றும், பெண் தன்னைச் சிகானா என்றும் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் பழக்கம் 1960களில் வேகம் பிடித்தது. அதற்கு முன் அது பெரும்பாலும் ஏளனச் சொல்லாகவே இருந்தது.

அவர்களில் முன்னோடி ஒருவரை இங்கே சொல்ல வேண்டும். டெக்சாஸில், எல்லை ஆற்றங்கரையில் உள்ள லாரெடோ என்ற ஊர்க்காரர் ஹோவிதா இதார். ஆசிரியையாக இருந்து பத்திரிகையாளர் ஆனவர். 1911இல் மெக்சிகப் பெண்களுக்கென ஒரு சங்கம் உருவானபோது அதன் முதல் தலைவர் அவரே. ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லித் தருவதுதான் அந்தச் சங்கத்தின் முதல் வேலை. 1914இல் அவர் வேலை பார்த்த பத்திரிகை அலுவலகத்தை மூட மாநிலக் காவல் படையினர் வந்தார்கள். வாசற்படியில் நின்று வழிவிட மறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். இன்னொரு நாள் அவர் இல்லாத நேரத்தில் வந்து அச்சு எந்திரத்தை உடைத்தார்கள் என்பது வேறு விஷயம்.

டொலோரஸ் ஹுவேர்தாவின் பெயர் நம் பக்கத்திலும் சிலருக்குத் தெரிந்திருக்கும். பதினோரு பிள்ளைகளின் தாய். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தபோது, வயல் கூலிகளின் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வகுப்புக்கு வருவதைப் பார்த்து வேலையை விட்டார். 1962இல் சீசர் சாவேஸுடன் சேர்ந்து விவசாயத் தொழிலாளர் சங்கத்தை நிறுவினார். 1965இல் டெலானோவில் பிலிப்பினோ தொழிலாளர்கள் தொடங்கிய திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தில் இந்தச் சங்கமும் சேர்ந்தது. முதலாளிகளுடன் பேரம் பேசி ஒப்பந்தம் எழுதும் வேலை அவரிடம்தான் இருந்தது. "முடியும்" என்று பொருள்படும் ஸ்பானிய முழக்கம் 1972இல் அவர் வாயிலிருந்து வந்தது. அது பல காலம் பிறர் பெயரில் ஓடியது.

இதுவரை எல்லாச் சமூகத்திலும் கேட்கிற வீரக் கதைதான். பாடப் புத்தகம் இதோடு நின்றிருந்தால் நானும் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். கதை உள்ளே திரும்புகிற இடம் இனிமேல்தான் வருகிறது.

சிகானோ இயக்கம் வளர வளர, கூட்டத்துக்குச் சமைப்பது, தட்டச்சு செய்வது, துண்டறிக்கை ஒட்டுவது எல்லாம் பெண்கள் தலையில் விழுந்தன. தீர்மானம் போடும் அறையில் அவர்கள் இல்லை. 1969இல் டென்வர் நகரில் பெரிய இளைஞர் மாநாடு நடந்தது. அதில் பெண்களுக்கென ஓர் அமர்வு இருந்தது. அமர்வு முடிந்து மேடைக்கு வந்த அறிக்கை, சிகானா பெண் தன் விடுதலையை விரும்பவில்லை என்று ஒற்றை வரியில் முடிந்துவிட்டது. அதைக் கேட்டது தனக்குப் பலத்த அடியாக இருந்தது என்று அங்கிருந்த என்ரிகெட்டா வாஸ்குவெஸ் பின்னர் எழுதினார். கலிபோர்னியாவின் லாங் பீச்சில் அன்னா நியெட்டோ கோமெஸ் என்ற மாணவி மாணவர் அமைப்புக்குத் தலைமை ஏற்றபோது, உடன் இருந்த ஆண்களே எதிர்த்தார்கள். அவரும் அவர் தோழிகளும் செத்துவிட்டதாகப் போலிக் கல்லறை கட்டி ஈமச் சடங்கு நடத்திக் காட்டினார்கள். அந்தத் தோழிகள்தான் 1971இல் சொந்தமாக ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். அதே ஆண்டு மே மாதம் ஹூஸ்டனில் சிகானாக்களின் முதல் தேசிய மாநாடு நடந்தது. சுமார் 600 பெண்கள் வந்தார்கள். அங்கேயும் ஒரு பகுதியினர் நடுவில் எழுந்து வெளியேறினார்கள். பெண்கள் கூடினால் ஒரே குரலாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது ஆண்களின் பழக்கம். ஆண்கள் கூடிய எந்த ஜமாஅத் கூட்டம் ஒரே குரலில் முடிந்திருக்கிறது?

இந்தப் பெண்கள் மீது விழுந்த பட்டப்பெயர் ஒன்று உண்டு: மலிஞ்சே. 1519இல் ஸ்பானியத் தளபதி கோர்த்தெஸ் மெக்சிகோவுக்குள் நுழைந்தபோது அவருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த பெண்ணின் பெயர் அது. நாட்டைக் காட்டிக் கொடுத்தவள் என்று மக்கள் நினைவில் நின்றுவிட்டாள். தன் சமூகத்து ஆண்களைப் பற்றி எந்தப் பெண் குறை சொன்னாலும், வெள்ளைக்காரிகளின் பேச்சைக் கேட்டு ஆடும் மலிஞ்சே என்று முத்திரை குத்துவார்கள். சிகானா எழுத்தாளர்கள் செய்த முக்கியமான வேலை, இந்தப் பழைய கதையை மறுபடி எடுத்துப் படித்ததுதான். அவள் அடிமையாக விற்கப்பட்டவள். பிறகு வேறு பெண்களோடு சேர்த்துக் கோர்த்தெஸுக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டவள். அவளைக் காட்டிக் கொடுத்தது யார் என்று கேட்டார்கள்.

வெள்ளை இனப் பெண்ணிய இயக்கத்தோடும் அவர்களுக்கு ஒத்துப்போகவில்லை. அங்கே போனால் நிறத்தையும் கூலியையும் பற்றிப் பேச ஆளில்லை, இங்கே வந்தால் பெண்ணைப் பற்றிப் பேச ஆளில்லை. டெக்சாஸ் எல்லையில் பிறந்த குளோரியா அன்சால்துவா 1987இல் எழுதிய புத்தகத்தின் பெயரே எல்லை நிலம் என்று பொருள்படும். பள்ளி இடைவேளையில் ஸ்பானிய மொழி பேசியதற்காக அடி வாங்கியவர் அவர். ஆனாலும் சொந்தச் சமூகத்தை விட்டு வெளியேறுவது தீர்வு என்று அவர்கள் எண்ணவில்லை. உள்ளேயே இருந்து சண்டை பிடித்தார்கள்.

ஒரு வழக்கை மட்டும் சொல்லிவிட்டு நம் பக்கம் வருகிறேன். லாஸ் ஏஞ்சல்ஸ் அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குப் போன மெக்சிக வம்சாவளிப் பெண்கள் பலருக்குக் கருத்தடை அறுவை செய்துவிட்டார்கள். பிரசவ வலியில் துடிக்கும்போது ஆங்கிலத்தில் அச்சடித்த தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். அவர்களில் பலருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. பத்துப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். சிகானாப் பெண்கள் அமைப்பு ஒன்று துணை நின்றது. 1978இல் தீர்ப்பு மருத்துவர்கள் பக்கம் போனது. ஆனாலும் சம்மதப் படிவங்கள் அவரவர் மொழியில் இருக்க வேண்டும் என்ற விதி அந்தப் போராட்டத்தால் வந்தது.

இந்த வழக்கைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பிள்ளையிடம் நான் சொல்லாமல் விட்டது இதுதான்.

சனது வாங்கிய புதிதில், இருபது ஆண்டுகளுக்கு முன், எல்லையோரத்துச் சிற்றூர் ஒன்றில் இமாமாக இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். பஞ்சாயத்து நடந்தால் மினிட் புத்தகம் எழுதுவதும் என் வேலை. ஒரு பெண் குலா கேட்டு வந்தாள். அவள் வந்தாள் என்பதே தவறு. வந்தது அவள் அத்தாவும் அண்ணனும். அவள் கைக்குழந்தையோடு வெளியே ஆட்டோவில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே பதினொரு ஆண்கள். மஹரை விட்டுக்கொடுப்பது, நகையில் பாதியை விட்டுவிடுவது, குழந்தைச் செலவு பற்றிப் பிறகு பேசிக்கொள்வது என்று முக்கால் மணி நேரத்தில் பைஸல் ஆகிவிட்டது. கணவன் அடித்தானா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு ஆட்டோவுக்குப் போனேன். அவள் ஆந்திரப் பக்கம் தெலுங்கு மீடியத்தில் படித்தவள், தமிழ் எழுத்து தெரியாது. "ஹஜ்ரத், இதில் என்ன எழுதியிருக்கு?" என்று தக்னியில் கேட்டாள். "எல்லாம் நல்லதாகத்தான் எழுதியிருக்கும்மா, கையெழுத்துப் போடு" என்றேன். தெலுங்கில் தன் பெயரை எழுதினாள்.

மார்க்கம் தெரியாமல் செய்த பிழை என்றும் சொல்லிக்கொள்ள முடியாது. குலா பற்றிய ஹதீஸை நான் ஓதியிருந்தேன். ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் மனைவி தாமே நபி (ஸல்) அவர்களிடம் வந்து, கணவரின் குணத்திலோ மார்க்கத்திலோ குறை இல்லை, ஆனால் சேர்ந்து வாழ இயலவில்லை என்று தம் வாயால் சொன்னார்கள். தோட்டத்தைத் திருப்பித் தருவீரா என்று அவர்களிடமே கேட்கப்பட்டது. தந்தை தம் விருப்பமின்றி முடித்துவைத்த நிகாஹை எதிர்த்துக் கன்ஸா பின்த் கிதாம் (ரலி) நேரில் வந்தார்கள். அந்த நிகாஹ் ரத்தானது. கவ்லா (ரலி) தம் கணவர் செய்த ளிஹார் பற்றி வாதாடிய நிகழ்ச்சியில்தான் 58ஆவது அத்தியாயமே தொடங்குகிறது. வாதாடிய பெண்ணின் பெயரால்தான் அந்த அத்தியாயமும் அழைக்கப்படுகிறது. இவர்களில் ஒருவரைக்கூட வெளியே உட்கார வைத்துவிட்டு அண்ணனைப் பேசச் சொல்லவில்லை. பெண்ணை வெளியே நிறுத்தும் வழக்கம் நம் பஞ்சாயத்துகளில் எங்கிருந்து வந்தது என்று ஆலிம்களாகிய நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஏறத்தாழ அதே காலத்தில்தான் புதுக்கோட்டையிலிருந்து தாவூத் ஷரீஃபா கானம் அவர்களின் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது. 1991-92இல் அறிவொளி இயக்கத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட மாவட்டம் அது. ஷரீஃபா கொஞ்ச காலம் அலிகாரில் படித்தவர். 1988இல் பாட்னாவில் நடந்த பெண்கள் மாநாட்டுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனார். பிற மாநிலப் பெண்கள் சொன்ன துயரங்களைத் தமிழாக்கிக்கொண்டே இருந்தவருக்கு, தன் ஊரில் கேட்டவையும் இவைதாமே என்று தோன்றியிருக்கிறது. (இங்கேயும் கதை ஒரு மொழிபெயர்ப்பாளரிடமிருந்துதான் தொடங்குகிறது. அவரையும் காட்டிக் கொடுத்தவர் என்றுதான் சொன்னோம்.) திரும்பி வந்து ஸ்டெப்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். வந்த புகார்களில் தலாக், வரதட்சணை, ஜீவனாம்சம் பற்றியவை குவிந்தன. காவல் நிலையம் போனால், உங்கள் ஜமாஅத்தில் பேசிக்கொள்ளுங்கள் என்பார்கள். ஜமாஅத் போனால் பெண்ணை உள்ளே விடமாட்டார்கள். இந்த இரண்டு கதவுகளுக்கும் நடுவில் பிறந்ததுதான் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்.

அவர்கள் வேலை செய்த முறை எளிமையானது. பல மாவட்டங்களிலிருந்து பெண்கள் கூடுவார்கள். புகார் சொல்லும் பெண் தானே எழுந்து பேசுவாள். எதிர்த்தரப்புக்குக் கடிதம் போகும். ஊர் ஜமாஅத் கொடுத்த தீர்ப்புத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள். தீபா தன்ராஜ் 2011இல் எடுத்த ஆவணப்படத்தில் இவற்றை நேரில் பார்க்கலாம். பெண்களுக்கென ஒரு பள்ளிவாசல் கட்டப்போவதாகவும் ஷரீஃபா அறிவித்தார். அன்றைக்குப் பெரும்பாலான மிம்பர்களில் பேசப்பட்டது இந்தப் பள்ளிவாசல் பற்றித்தான். நானும் பேசினேன். தனிப் பள்ளிவாசல் என்பதில் எனக்கு இன்றும் உடன்பாடில்லை. உள்ள பள்ளியில் பெண்களுக்கு இடம் ஒதுக்குவதே சுன்னத்துக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. ஆனால் அந்த ஜும்ஆவில் அரை மணி நேரம் பேசிய நான், அந்தப் பெண்கள் எதற்காகப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினார்கள் என்பது பற்றி ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. அவர்கள் ஊரில் அவர்களைக் கேட்க ஆளிருந்தால் பஸ் ஏறியிருக்க மாட்டார்கள்.

நம் பெண்கள் திடீரென்று நேற்று பேசத் தொடங்கியவர்களும் இல்லை. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்போடு படிப்பு நிறுத்தப்பட்டவர். 1938இல் 'காதலா கடமையா' நாவலை வெளியிட்டார். அதற்கு முகவுரை தந்தவர் உ.வே. சாமிநாதையர். துவரங்குறிச்சியில் வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு பெண், வீட்டாருக்குத் தெரியாமல் இருக்க சல்மா என்ற பெயரில் எழுதினார். 2001இல் அவர் ஊர்ப் பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, குடும்பத்து ஆண்களே அவரை நிற்கச் சொன்னார்கள். ஒதுக்கீடு மட்டும் இல்லையென்றால் அவர் வாசலைத் தாண்டியிருப்பாரா? அந்தப் பெண்தான் 2025இல் மாநிலங்களவை உறுப்பினர் ஆனார். அவர் எழுத்தில் உள்ள எல்லாவற்றையும் நான் ஏற்பவன் இல்லை. படிப்பை நிறுத்திய நாம் அவர் எழுதியதைக் குறை சொல்வதற்கு முன் கொஞ்சம் வெட்கப்பட வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

வழக்கறிஞர் பதர் சயீத் வக்ஃப் வாரியத் தலைவராக இருந்தவர். 2006இல் திருவல்லிக்கேணி சட்டமன்ற உறுப்பினர் ஆனார். காஜிகள் தலாக் சான்றிதழ் கொடுப்பதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அப்படிப்பட்ட சான்றிதழ் வெறும் கருத்து மட்டுமே, நீதிமன்றங்களையோ அதிகாரிகளையோ கட்டுப்படுத்தாது என்று 2017 ஜனவரியில் உத்தரவானது. 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டமே அவர்களுக்கு நீதிபதி அதிகாரம் கொடுக்கவில்லை. இதைத் தெரியாமல், ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை வீடுகளில் எல்லாம் முடிந்துவிட்டது என்று நம்பியிருந்தார்கள்!

இவர்களைப் பற்றி நம் மக்கள் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: வெளியே பொது சிவில் சட்டம் என்று மிரட்டிக்கொண்டிருக்கும்போது வீட்டு அழுக்கை ஏன் தெருவில் அலசுகிறீர்கள்? இந்தப் பயம் பொய்யானது என்று நான் சொல்ல மாட்டேன். 1985 ஷா பானு தீர்ப்புக்குப் பிறகு நடந்ததெல்லாம் பார்த்தவர்கள் நாம். பெண்ணின் கண்ணீர் சமுதாயத்தை அடிக்கக் கம்பாகப் பயன்பட்டதும் உண்மை. சிகானோ ஆண்களும் இதே காரணத்தைத்தான் சொன்னார்கள்: முதலில் வெள்ளைக்காரனோடு முடிப்போம், பெண்கள் விஷயம் பிறகு. அந்தப் 'பிறகு' வரவே இல்லை என்பதால்தான் அவர்கள் தனியே கூடினார்கள்.

வெளிப்பயம் இருக்கும்போதே உள்ளே சரிசெய்துகொண்ட முன்மாதிரி நம் உலமாக்களிடமே இருக்கிறது. ஹனஃபி சட்டத்தில் மனைவி தானாக நிகாஹை முறித்துக்கொள்ள வழி மிகக் குறுகியது. பிரிட்டிஷ் காலத்தில், குறிப்பாகப் பஞ்சாபில், கொடுமைக்காரக் கணவனிடமிருந்து தப்ப வேறு வழியில்லாமல் சில பெண்கள் மதத்தையே விட்டார்கள். இதைப் பார்த்த மௌலானா அஷ்ரஃப் அலி தானவி 1930களின் தொடக்கத்தில் 'அல்ஹீலதுந் நாஜிஸா' என்ற நூலை எழுதி, மாலிகி மத்ஹபின் சலுகைகளை ஹனஃபிகள் எடுத்துக்கொள்ளலாம் என்று காட்டினார். அந்தச் சிந்தனையின் வழியில்தான் 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் வந்தது. கணவன் நான்கு ஆண்டுகள் தகவல் இல்லாமல் போனாலோ, இரண்டு ஆண்டுகள் செலவுக்குத் தராவிட்டாலோ, கொடுமை செய்தாலோ மனைவி நீதிமன்றத்தில் முறிவு கேட்கலாம். எண்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கும் இந்தச் சட்டம் பற்றி எந்த நிகாஹ் மஜ்லிஸிலாவது நாம் பெண் வீட்டாருக்குச் சொல்லியிருக்கிறோமா? நம் வீட்டுப் பெண்களுக்கு இது தெரிந்தால் குடும்பம் உடைந்துவிடும் என்று ஒரு முத்தவல்லி என்னிடம் சொன்னார். அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள்.

வக்ஃப் சட்டத்தின் 2013 திருத்தம் மாநில வாரியத்தில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும் என்றது. வாரியத்தில் உட்காரலாம், ஆனால் அந்த வாரியத்தின் கீழ் இருக்கும் முஹல்லா ஜமாஅத்தில் உட்காரக் கூடாது என்றால் அதை எந்தக் கிதாபிலிருந்து எடுப்பது?

எங்கள் முஹல்லாவில் சென்ற ஷவ்வால் முதல் ஒரு சிறு மாற்றம் செய்திருக்கிறோம். இரண்டு வருடம் பேசித்தான் முடிந்தது. குடும்ப விஷயம் விசாரணைக்கு வரும்போது மூன்று பெண்கள் உடன் உட்காருகிறார்கள்: ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், நிஸ்வான் மதரஸாவில் ஓதிய ஆலிமா ஒருவர், தையல் வேலை செய்யும் ஒரு தாய். புகார் கொடுத்த பெண்ணிடம் அவர்கள் முதலில் தனியாகப் பேசுவார்கள். பிறகு அவளே சபையில் பேசுவாள். எழுதிய தீர்மானத்தை அவளுக்குத் தெரிந்த மொழியில் வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து.

முதல் விசாரணையிலேயே பையன் வீட்டார், பொம்பளைங்க உட்கார்ந்தால் நாங்கள் பேச மாட்டோம் என்று எழுந்து போய்விட்டார்கள். பத்து நாள் கழித்து அவர்களாகவே திரும்பி வந்தார்கள், இந்த முறை பையனின் தாயையும் அழைத்துக்கொண்டு. பெண் நகரியைச் சேர்ந்தவள். தீர்மானத்தை நான் தெலுங்கில் வாசித்தேன். இரண்டு இடத்தில் நிறுத்தச் சொன்னாள். ஒரு இடத்தில் திருத்தச் சொன்னாள். திருத்திய பிறகு கையெழுத்துப் போட்டாள்.